மெட்டபாலிசம்: எறிதலா, வளர்தலா, சிதைதலா?

"எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ" என்ற பேச்சு ஜிம்மில் அடிக்கடி காதில் விழும். இதைச் செரிமானம் என்று தமிழாக்குகிறவர்கள் உண்டு. அது பிழை. செரிமானம் குடலோடு முடிந்துவிடும்; மெட்டபாலிசம் அதற்கப்புறம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடப்பது.

கிரேக்கத்தில் 'மெட்டபோலே' என்றால் மாற்றம். அதன் வேர்ச்சொல்லான 'பல்லெய்ன்' எறிதலைக் குறிக்கும். 1839இல் ஜெர்மன் உடலியலாளர் தியோடர் ஷ்வான் செல்லுக்குள் நடக்கும் வேதிமாற்றத்துக்கு 'மெட்டபோலிஷ்' என்ற சொல்லை ஆண்டார். அதற்கு அவர் காட்டிய உதாரணமே ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நொதித்தல்தான்!

தமிழில் இது வளர்சிதை மாற்றம். வளர்மாற்றம் (கட்டுதல்), சிதைமாற்றம் (உடைத்தல்) என்ற இரண்டு வினைத்தொகைகளை ஒன்றாக மடித்த சொல். வளர்பிறைபோல இதிலும் ஒற்று மிகாது, 'வளர்ச்சிதை' என்று எழுத வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் அனுசேபம் என்பார்கள். அதிலுள்ள சேபத்தில் வடமொழி 'க்ஷேபம்', அதாவது எறிதல், தெரிகிறது. கிரேக்க வேருக்கு அது நெருக்கம். ஆனால் பொருளை வெளிச்சமாகக் காட்டுவது வளர்சிதை மாற்றமே என்பேன்.

ஆல்கஹாலை வைத்துப் பார்த்தால் இது இன்னும் புரியும். உடல் அதைச் சேமித்து வைக்க முடியாது, சிதைத்தே ஆகவேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு, பிறகு அசிட்டேட். ஒரு கிராமுக்கு 7 கலோரி கிடைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் தசை அதை நேரடியாக எரிக்க முடியாது. ஓடினால் வியர்வையோடு போதை இறங்கிவிடும் என்பதும் வெறும் நம்பிக்கை. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

சரி, குடித்துவிட்டு ஓடினால்? தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண நாளில் கல்லீரல், லாக்டேட் போன்றவற்றிலிருந்து புதுச் சர்க்கரை செய்து ஈடுகட்டும். அதற்கு என்.ஏ.டி. என்ற துணைநொதி, அதாவது நொதிகளுக்குக் கைகொடுக்கும் மூலக்கூறு, வேண்டும். ஆல்கஹாலைச் சிதைக்கவும் அதே என்.ஏ.டி.தான் வேண்டும். அதில் பெரும்பகுதி அங்கே போய்விட, சர்க்கரை செய்யும் வேலை மந்தமாகிறது, கொழுப்பு எரிவதும் குறைகிறது. வெறும் வயிற்றில் நெடுநேரம் ஓடுபவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

இது சிதை பக்கம். வளர் பக்கமும் தப்பவில்லை. பயிற்சிக்குப் பின்தான் தசை புதுப் புரதம் கட்டும். 2014இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், கடும் பயிற்சி செய்த 8 ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் ஆல்கஹால் கொடுத்தார்கள். தாராளமான அளவுதான். அதோடு புரதமும் குடித்தார்கள். அப்படியும், புரதம் மட்டும் குடித்தபோது இருந்ததைவிடத் தசைப்புரத உருவாக்கம் 24 விழுக்காடு குறைந்திருந்தது. ஆல்கஹாலோடு புரதத்துக்குப் பதில் மாவுச்சத்து எடுத்தபோது அந்தக் குறைவு 37 விழுக்காடு.