சோலார் போடும் முன்: மாடி நிழலும் மெயின் போர்டும்

பாளையங்கோட்டையில் வெயில் பற்றவில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அதனாலேயே மாடியில் சோலார் போட நினைப்பவர்களின் பேச்சு எத்தனை கிலோவாட், எவ்வளவு மானியம் என்பதிலேயே சுற்றுகிறது. என்னைக் கேட்டால், வெயிலுக்கும் மீட்டருக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலில் கட்டம் கட்டமாக இருக்கும் சிலிக்கான் செல்லில் ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் விடுபடும். செல்லுக்குள் இருக்கும் மின்புலம் அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளும். ஒரு செல்லில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் 540 வாட் என்ற எண், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மதியத்தில் நம் மாடியில் செல் 60 டிகிரிக்குப் போய்விடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 12 சதவீதம் அங்கேயே போச்சு; கையில் நிற்பது 475 வாட். அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டாமல், அடியில் காற்று புகுந்து போக இடம் விட்டுத் தூக்கி வைக்கிறார்கள். ஆனி, ஆடிக் காற்று இதற்கு நல்ல துணை. ஆனால் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். ஸ்டாண்டின் கால்களைத் தளத்தில் உறுதியாகப் பிடிக்கவில்லை என்றால் பேனலையே தூக்கிப் பார்க்கும்.

நிழல் விஷயத்தில்தான் நம் ஊருக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. செல்கள் தொடர் இணைப்பில் இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓட முடியும். வரப்பில் வரிசையாக நடக்கும்போது நடுவில் ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதுதானே, அந்தக் கதை. நிழல் பட்ட செல் மின்சாரம் தராததோடு, மற்ற செல்கள் தருவதையும் தின்று சூடாகும். இதைத் தடுக்கப் பேனலுக்குள் சாதாரணமாக மூன்று டையோடுகள் இருக்கும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரண்ட்டை அவை கடத்திவிடும். கூடவே அந்த மூன்றில் ஒரு பங்கு உற்பத்தியும் போய்விடும்.

பேனலைத் தெற்கு பார்த்துச் சாய்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே தெற்கே மரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. இந்த மாதங்களில் மதிய நிழல் தெற்கே விழும். அதாவது, பேனலுக்கு வடக்கே நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படி அறையும் அப்போது எதிரி. தளத்திலிருந்து பத்தடி உயரத்தில் தொட்டி இருந்தால், ஜூன் மாத உச்சி வேளையில் நிழல் இரண்டரை அடிதான். காலை எட்டு மணிக்கோ மேற்கே நீண்டு, கொஞ்சம் தெற்கேயும் சாய்ந்து இருபதடி ஓடும். மார்கழியில் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இடம் குறித்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

சாய்வு பத்து டிகிரி போதும். மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு இறங்கவும் அந்தச் சாய்வு வேண்டும். நாமே கழுவினால் அதிகாலையில் கழுவலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த பிறகு கண்ணாடியில் வெள்ளைக் கறை தங்கிவிடும்.

எவ்வளவு போடுவது? ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் அது குறையும். ஆக, இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். அதே இரண்டு மாதத்தில் 600 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போட்டால் மீதி 120. அதில் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம், மூன்றுக்கு 78,000, அதற்கு மேல் போட்டாலும் அவ்வளவுதான். இருநூறு யூனிட்டுக்குள் முடிகிற வீடு அவசரப்பட வேண்டியதே இல்லை.

"கரண்ட் போனா சோலார்ல ஃபேன் ஓடும்லா?" என்று கேட்காத ஆள் இல்லை. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு மட்டும் இணைந்த ஆன்-கிரிட் அமைப்பில் ஓடாது. பேனல் தரும் டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வீட்டுக்கான ஏசியாக (திசை மாறி மாறி ஓடுவது) மாற்றும் இன்வெர்ட்டர், ஈபி லைனின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதோடு ஒத்துத்தான் தன் அலையை உருவாக்கும். லைன் செத்தால் ஒரு சில நொடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் போகும். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

இனி மாடியை விட்டு இறங்கி வருவோம். ஆறு பேனலைத் தொடரில் இணைத்தால் ஏறக்குறைய 250 வோல்ட் டிசி இறங்கி வரும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க வழியே கிடையாது. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் சுவிட்சை அணைத்ததும் பொறி தானாக அணையும். டிசி பூஜ்ஜியத்தைத் தொடாது. பொறி நீண்டு எரியும். விலை குறைவென்று, வீட்டின் ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) இந்த டிசி பக்கத்தில் மாட்ட யாராவது வந்தால் விடாதீர்கள்.

ஊர்க் கோடியில் இருக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை. மூன்று கிலோவாட்டை ஈபி லைனுக்கு அனுப்பும்போது 13 ஆம்பியர் ஓடும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பழைய மெல்லிய சர்வீஸ் வயரின் மின்தடை, போக வர அரை ஓம் என்றால் இன்வெர்ட்டர் முனையில் ஆறரை வோல்ட் கூடும். லைன் ஏற்கெனவே 247-இல் நின்றால் மொத்தம் 253 வோல்ட் என்ற வரம்பைத் தாண்டும். இன்வெர்ட்டர் நட்ட நடு மதியத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும். பேனல் கோளாறு என்று ஆளைக் கூப்பிடுவோம். மாற்ற வேண்டியது வயராக இருக்கும்.

பழைய ஓட்டு வீடுகளில் இரண்டு வயர்தான் ஓடும், எர்த் இருக்காது. பேனல் சட்டத்துக்கும் இடிதாங்கிக்கும் ஏசி பக்கத்துக்கும் தனித்தனி எர்த் குழி போடுவதுதான் வழக்கம். திசையன்விளைப் பக்கத் தேரி மணலில் குழி ஆழமாகப் போக வேண்டும். காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் வாங்காது. போட்ட குழியின் மின்தடையை வைகாசியில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை ஈரத்தில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல எண்ணைத்தான் காட்டும்.