‘ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன்’ முழுமையான ஊட்டச்சத்தா?

தோல் நலம் பற்றிய கட்டுரை எதைத் திறந்தாலும் இரண்டாம் பத்திக்குள் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது: “முழுமையான ஊட்டச்சத்து மூலம் சரும ஆரோக்கியத்தை மேம்படுத்துங்கள்.” ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன் என்பதற்குத் தமிழாம். இருப்பது இரண்டே சொல். இரண்டும் தப்பு.

வேர்க்கதையை விரைவாக முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுதும். வடமொழி ‘சர்வ’வுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. அதை வைத்து ‘ஹோலிஸம்’ என்ற சொல்லைப் படைத்தவர் யான் ஸ்மட்ஸ், தென்னாப்பிரிக்காவின் பிரதமராக இருந்தவர். 1926இல் வந்த தன் நூலில் அதை முன்வைத்தார். பாகங்களைக் கூட்டினால் கிடைப்பது முழுமை ஆகாது, முழுமைக்கென்று தனி இயல்பு உண்டு என்பது அவர் வாதம். ‘ஹோலி’ என்ற புனிதச் சொல்லிலிருந்து இது வரவில்லை. ‘புனித ஊட்டச்சத்து’ என்று இதுவரை என் கண்ணில் படாதது ஓர் ஆறுதல். நியூட்ரிஷன் லத்தீனிலிருந்து வந்தது. ஊட்டுதல், பேணி வளர்த்தல் என்று பொருள்.

ஊட்டுதல் என்றதுமே நமக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். உண் என்பதன் பிறவினை ஊட்டு, அதன் பெயர் ஊட்டம். உணவை உடல் ஏற்று, செரித்து, தன்னுடையதாக்கிக்கொள்ளும் நிகழ்வு அது. ஊட்டச்சத்து என்பது அந்த நிகழ்வில் பயன்படும் பொருள்: புரதம், துத்தநாகம், வைட்டமின் சி. ஆங்கிலத்தில் இதற்கு நியூட்ரியன்ட் என்று தனிச்சொல் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டோம். பள்ளி உயிரியல் பாடத்தில் தாவரத்துக்குத் ‘தற்சார்பு ஊட்டமுறை’ என்று சரியாகத்தான் எழுதுகிறார்கள். தாவரத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்கு இல்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை என்பதற்குத் தோல் நோய் ஒன்றே சாட்சி. பெல்லாக்ரா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் ‘சொரசொரப்பான தோல்’ என்று பொருள். வெயில் படும் கழுத்திலும் கைகளிலும் தோல் சிவந்து, கறுத்து, தடித்து உரியும். பிறகு வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளை அது தாக்கியது. தொற்றுநோய் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தபோது, குறைபட்ட உணவே காரணம் என்று அமெரிக்காவில் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார். பி வைட்டமின்களில் ஒன்றான நயாசின் அதைக் குணப்படுத்தும் என்பது 1937இல் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, மக்காச்சோளத்தில் நயாசின் இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி பிணைந்து கிடப்பதால் குடலால் உறிஞ்ச முடிவதில்லை. நடு அமெரிக்காவின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தப் பிணைப்பை அவிழ்த்தார்கள். தானியத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஆக, ஊட்டச்சத்து இருந்தது, ஊட்டம் நடக்கவில்லை. இந்த வாக்கியத்தை இப்போது ஊட்டச்சத்து என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்.

சரி, ‘முழுமையான’வுக்கு வருவோம். எனக்கு இதன் மேல்தான் அதிகக் கோபம்.

முழுமையான என்றால் குறைவற்ற, எல்லாம் அடங்கிய என்று பொருள். முழுமையான ஊட்டச்சத்து என்று படிப்பவர் என்ன நினைப்பார்? எல்லாச் சத்தும் ஒரே டப்பாவில் இருக்கிறது என்று நினைப்பார். மாவு விற்பவர்கள் டப்பாவின் மேல் அச்சிடுவதும் அதே சொற்றொடரைத்தான். ஹோலிஸ்டிக் என்பவர் சொல்ல வருவதோ இதற்கு நேர் எதிர். தோலில் பரு வந்தால் தோலை மட்டும் பார்க்காதே, ஒரு மாத்திரைக்குள் தீர்வைத் தேடாதே, என்ன சாப்பிடுகிறாய், எதோடு சாப்பிடுகிறாய், எப்படித் தூங்குகிறாய், என்ன மருந்து எடுக்கிறாய், எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்கிறார். கேரட்டின் கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும், ஆனால் புரதம் இல்லாமல் வைட்டமின் சி மட்டும் எதைக் கட்டும்? வைட்டமின் ஏ குறைந்தாலும் தோல் வறளும், மாத்திரையாக அளவுக்கு மீறி விழுங்கினாலும் வறளும். முழுமை என்ற சொல் ‘எல்லாவற்றையும் போடு’ என்கிறது. ஹோலிஸ்டிக் என்ற கருத்து சொல்வதோ ‘எல்லாவற்றையும் பார்’ என்பது.

மாற்றாகச் சொல்லப்படுபவையும் சரிவரவில்லை. ‘ஒருங்கிணைந்த’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வெவ்வேறு மருத்துவ முறைகளைச் சேர்த்துச் செய்வதை ஒருங்கிணைந்த மருத்துவம் என்கிறோம். தனித்தனியாக இருந்தவற்றைப் பின்னால் இணைப்பது அது. ஸ்மட்ஸ் சொன்னதில் முழுமை முதலிலேயே இருக்கிறது. ‘சமச்சீர்’ அளவுகளைப் பற்றிய சொல். ‘இயற்கை’ என்று எழுதுபவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. ‘முழுமையியல்’ பல்கலைக்கழகத் துறையின் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது. ‘முழுதளாவிய’ மோசமில்லை, உலகளாவிய என்பதோடு ஒத்துப் போகிறது. ஆனால் அதுவும் பொருளின் பரப்பைத்தான் சொல்கிறது, பார்வையைச் சொல்லவில்லை.

என் தேர்வு ‘முழுநோக்கு’. தொலைநோக்குத் திட்டம் என்கிறோமே, அங்கே திட்டம் தொலைவில் இல்லை, தீட்டியவரின் பார்வைதான் தொலைவுக்குப் போகிறது. அதே இலக்கணம்தான் இங்கும்: முழுநோக்கு ஊட்டமுறை. உணவு முழுமையானது என்று அது உறுதி கொடுக்கவில்லை, பார்க்கிற விதத்தை மட்டும் சொல்கிறது. தத்துவத்தில் ஹோலிஸத்துக்கு முழுநோக்குவாதம் என்று நீட்டிக்கொள்ளலாம்.

நீளம் என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல கட்டுரைகளில் மூல ஆசிரியர் ஹோலிஸ்டிக் என்ற சொல்லை அலங்காரத்துக்குத்தான் போட்டிருப்பார். காய், பழம், பருப்பு, மீன், போதிய தண்ணீர் என்று பட்டியல் போட்டு முடித்திருப்பார். அங்கே ‘சமச்சீர் உணவு’ போதும். எந்தச் சொல்லுக்கு என்ன தமிழ் என்று அகராதியைப் புரட்டுவதற்கு முன்பு, அந்த ஆள் என்ன சொல்ல வருகிறார் என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் யோசித்தால் பாதித் தொல்லை தீரும்.

அந்த யோசனை இல்லாததால்தான் ‘ஆரோக்கியமான கொழுப்புகள்’ என்று எழுதுகிறார்கள். கொழுப்புக்கு ஏது ஆரோக்கியம்? நல்ல கொழுப்பு என்றால் என்ன குறை? ‘சருமம்’ மட்டும் என்னவாம்! தோல் என்றால் செருப்பு நினைவுக்கு வருகிறதாம். வடமொழியில் சர்மன் என்றாலும் அதே தோல்தான், செருப்பு தைக்கிற தோல் உட்பட. மருத்துவர் தோல் மருத்துவராக இருக்கும்போது களிம்பு மட்டும் சருமக் களிம்பாக இருப்பது விற்பனைக்கு வசதி, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொரு கொடுமை, ‘முழுமையான ஊட்டச்சத்து நிபுணர்’. நிபுணர் முழுமையானவரா, சத்து முழுமையானதா என்றே தெரியவில்லை. முழுநோக்கு ஊட்டவியலாளர் என்று எழுதினால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.