சிப் செத்துவிட்டது என்று தூக்கிப் போடும் முன்

எம்பெடட் துறையில் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளை இயக்கும் துறை) வேலை பார்ப்பதால், புதிதாக மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி, பழகுகிறவர்கள் "செத்துப்போன" சிப்பை என்னிடம் கொண்டு வருவது வழக்கம். நேற்று வரை ஓடியது, இன்று ப்ரோகிராமர் (சிப்பில் நிரலை ஏற்றும் கருவி) அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது என்பார்கள். பார்த்தால் பாதிக்கு மேல் உயிரோடுதான் இருக்கும். நல்ல சிப்பைக் குப்பையில் போடுவதோடு, நமக்கு இது வராது என்று பொழுதுபோக்கையே விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

ஆர்டுயினோ போன்ற தயார் போர்டில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பைத் தனியாக வாங்கி பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் துளைப் பலகை) செருகும்போதுதான் பியூஸ் பிட்டுகள் என்ற சிப்பின் உள் அமைப்புகள் குறுக்கே வருகின்றன. சிப் எந்தக் கடிகாரத்தில், அதாவது அதன் வேலைக்குத் தாளம் போடும் எந்தத் துடிப்பில், ஓட வேண்டும் என்பதை முடிவு செய்பவை இவைதான். நிரலை முழுதாக அழித்தாலும் இவை மாறாது.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தச் சிப் தன் உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 16 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து எழுதிய நிரலை அதில் ஏற்றினால், ஒரு வினாடிக்கு ஒருமுறை மாற வேண்டிய எல்இடி 16 வினாடிக்கு ஒருமுறை மாறும். இதைச் சரிசெய்யலாம் என்று இணையத்தில் கண்ட பியூஸ் எண்ணை அப்படியே ஏற்றுகிறார்கள். அந்த எண் வெளிக் கிரிஸ்டலை (சிப்புக்கு வெளியே வைத்துத் துடிப்பை உண்டாக்கும் சிறு பாகம்) கேட்கிறது, பிரெட்போர்டிலோ கிரிஸ்டல் இல்லை. கடிகாரம் இல்லாத சிப் ப்ரோகிராமருக்கும் பதில் சொல்லாது.

மீட்பது சுலபம். 9, 10ஆம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அப்புறம் ப்ரோகிராமரால் சிப்பை மறுபடி படித்துப் பாருங்கள். 1ஈ 95 0எஃப் (1E 95 0F) என்ற அடையாள எண் வந்தால் சிப் பிழைத்துவிட்டது. கிரிஸ்டலுக்குப் பதில், துடிப்பையே வெளியிலிருந்து நேராக வாங்கும் வெளிக் கடிகாரம் என்று பியூஸில் தவறாகத் தேர்ந்திருந்தால் கிரிஸ்டல் உதவாது. இன்னொரு போர்டிலிருந்து சதுர அலையை 9ஆம் காலுக்குக் கொடுக்க வேண்டும். ரீசெட் காலையே முடக்கிவிட்டால் மட்டும் 12 வோல்ட் ப்ரோகிராமர் தேவைப்படும், ஆரம்பத்தில் அந்த பிட்டின் பக்கமே போகாதீர்கள்.

பியூஸை எழுதும் முன் இருக்கும் மதிப்பைப் படித்துக் குறித்து வையுங்கள். இன்னொன்று, பியூஸில் 0 என்றால்தான் அந்த வசதி இயங்குகிறது என்று பொருள், 1 என்றால் இல்லை. பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான்.

பியூஸைத் தொடாமலேயே சிப் பேசவில்லையா? ப்ரோகிராமரின் வேகத்தைக் குறையுங்கள். அது சிப்பின் கடிகாரத்தில் கால் பங்குக்கும் கீழே இருக்க வேண்டும், அதாவது 1 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 250 கிலோஹெர்ட்ஸைத் தொடக் கூடாது. அதோடு 7, 20 ஆகிய இரண்டு மின் கால்களுக்கும், 8, 22 ஆகிய இரண்டு கிரவுண்டுகளுக்கும் இணைப்பு உண்டா என்று பாருங்கள். 7ஆம் காலுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். இது இல்லாவிட்டால் காரணமே தெரியாமல் சிப் திடீர் திடீரென்று ரீசெட் ஆகும்.

உண்மையிலேயே சாகும் சிப்புகளும் உண்டு. இந்தச் சிப்பின் ஒரு காலுக்கு 40 மில்லிஆம்பியர்தான் உச்ச எல்லை, 20க்குள் நிறுத்துவது நல்லது. மோட்டாரையோ ரிலேயையோ நேரடியாக மாட்டாமல் நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும், அந்த மோட்டார் அல்லது ரிலேயின் குறுக்கே ஒரு டையோடும் போடுங்கள். வைஃபை உள்ள இன்னொரு மைக்ரோகண்ட்ரோலரான இஎஸ்பி32 இன்னும் மென்மையானது. அது 3.3 வோல்ட் சிப், கால்களில் 5 வோல்ட் தாங்காது. 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டை அதில் மாட்டும் முன், 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்களை வரிசையாக வைத்து, 1 கிலோஓம் பக்கத்தைச் சென்சாரிலும் 2 கிலோஓம் பக்கத்தைக் கிரவுண்டிலும் இணைத்து, நடுவிலிருந்து எடுங்கள். மல்டிமீட்டரில் அங்கே 3.3 வோல்ட் தெரிந்தால் சரி, மாட்டலாம்.