பத்தால பெருக்கிட்டா பெரிய கிச்சன் ஆயிராதுங்க

போன வாரமும் ஒரு போன். ஈரோடு பக்கம் நல்லா ஓடிட்டிருக்கற மெஸ், திருப்பூர்ல ரெண்டாவது கடை போட்டிருக்காங்க. "சிக்கன் அங்க வர்ற மாதிரி இங்க வரமாட்டேங்குதுங்க, ரெசிபி பூரா ஆப்ல ஏத்தி வச்சிருக்கோம், ரெண்டு கடைக்கும் ஒரே ரெசிபிதானுங்க, எங்க தப்புன்னே தெரியல"ங்கறாரு ஓனர். இதே பேச்சை பல்லடத்துல கேட்டாச்சு, கோபில கேட்டாச்சு, கோயமுத்தூர்ல கேட்டதுக்குக் கணக்கே இல்ல. கிச்சன் செட்டப் பண்ணிக் குடுக்கறதும் ரெசிபி ஸ்டாண்டர்டைஸ் பண்றதும்தான், அதாவது யார் செஞ்சாலும் ஒரே மாதிரி வர்றாப்ல ரெசிபிய எழுதிக் குடுக்கறதுதான் என் தொழில், அதனால இன்னைக்கு கொஞ்சம் சூடாவே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

போய்ப் பாத்தேன். அந்த ஆப்ல இருந்தது இதுதான். சிக்கன் 2 கிலோ, சின்ன வெங்காயம் அரைப்படி, வரமிளகாய் ரெண்டு கைப்பிடி, தேங்காச்சில்லு கொஞ்சம், உப்பு தேவையான அளவு. கீழ ஒரு பட்டன், எத்தனை மடங்குன்னு கேக்கும். பத்துன்னு போட்டா 20 கிலோ சிக்கன், அஞ்சு படி வெங்காயம், இருபது கைப்பிடி மிளகாய்னு காட்டுது. உப்பு? அப்பவும் தேவையான அளவுதான். இதுக்கு மாசா மாசம் சந்தா வேற கட்டிட்டிருக்காங்க.

யாரோட கைப்பிடிங்க அது? ஈரோட்டு மாஸ்டர் கை ஒரு மாதிரி, திருப்பூர்ல மிளகா அள்ளிப் போடற பத்தொம்பது வயசுப் பையன் கை வேற மாதிரி. கரண்டில சொன்னாலும் இதே கதைதான், கல்லுப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை நிக்காது, நடுவுல சந்து இருக்கறதால கல்லுப்பு எடை கம்மியாத்தான் நிக்கும், ஒரு கடைல கல்லுப்பு இன்னொரு கடைல தூளுப்புன்னு வாங்கிட்டு "உப்பு மட்டும் ஏனோ தூக்கலா வருதுங்க"ன்னா நான் என்ன சொல்றது. கிராம்ல எழுதுங்க. கிராம் இல்லாத ரெசிபிய ஆப்ல ஏத்தறது வெட்டி வேலை.

சரி, கிராம்ல எழுதிட்டோம், இனி பெருக்கிக்கலாம்ல? இங்கதான் எனக்கு ரொம்ப ஆத்திரமா வருது, ஏன்னா இதைப் படிச்சவங்களே நம்பறாங்க. எம்பிஏ முடிச்சுட்டு அப்பாவோட ஓட்டலை எடுத்து நடத்தற தம்பிங்கதான் அதிகமா நம்பறாங்க. அரிசி, பருப்பு, கறி, உப்பு இதெல்லாம் பெருக்கினா ஓரளவு வந்துரும். தண்ணி வராது, எண்ணெய் வராது, பட்டை கிராம்பு ஏலக்காய் வராது, நேரம் வரவே வராது.

தண்ணியவே எடுத்துக்குங்க. சின்னப் பாத்திரத்துல 4 லிட்டர் குழம்பு கொதிக்கறப்ப மேல் பரப்பு வழியா ஆவி போகுது, அது போறதையும் கணக்குல வச்சுத்தான் மாஸ்டர் தண்ணி ஊத்தறாரு, அவர் வாயால சொல்லலைன்னாலும் கை அந்தக் கணக்குலதான் ஊத்துது. அதே அமைப்புல பத்து மடங்கு பிடிக்கற அண்டா எடுத்தா மேல் பரப்பு பத்து மடங்கு ஆகாது, நாலரை மடங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் கூடும். அதனால ஆவியும் அந்த வேகத்துல போகாது. பத்து மடங்கு தண்ணிய ஊத்திட்டு அதே முப்பது நிமிசத்துல இறக்குனா குழம்பு நீர்த்துப்போய் நிக்கும். கஸ்டமர் தட்டுல ஓடும். உடனே என்ன பண்றாங்க, பொட்டுக்கடலை மாவையோ கார்ன்ஃப்ளாரையோ கரைச்சு ஊத்திக் கெட்டியாக்கறாங்க, ருசி செத்துச்சு, அப்பறம் கூடுதலா மசாலா, கூடுதலா உப்பு. கடைசில ஆப்ல இருக்கறது ஒரு ரெசிபி, அண்டாவுல இருக்கறது வேற ரெசிபி. இதுல "மாஸ்டருக்குக் கை சரியில்ல"ன்னு அந்த மனுசன் மேல பழி வேற!

திருப்பூர் கதைக்கு வாரேன். அவங்களோடது பள்ளிபாளையம் முறைல செய்யற சிக்கன், பொடி மசாலா கெடையாது, சின்ன வெங்காயம், விதை தட்டுன வரமிளகாய், தேங்காச்சில்லு, மஞ்சத்தூள், கறிவேப்பிலை, உப்பு, அவ்வளவுதான். இத்தனை கம்மியான சாமான்ல செய்யற ஐட்டத்துல தப்பு ஒளிய இடமே இருக்காது. ஈரோட்டுல 2 கிலோவை அகலமான இரும்பு வடச்சட்டில போட்டா கறி விடற தண்ணி அப்பப்ப சுண்டிரும், வெங்காயம் ஓரத்துல செவந்து கறியோட ஒட்டும், மிளகாத் தோல் எண்ணெயில மினுங்கும். திருப்பூர்ல 20 கிலோவை ஒரே தேக்சாவுல கொட்டிட்டாங்க. பக்கத்துல நின்னு பாத்தேன். அஞ்சு நிமிசத்துல அடியில தண்ணி கட்டிருச்சு, மேல இருக்கற கறி வெளுத்துக் கிடக்கு, கீழ இருக்கறது வெந்துட்டே இருக்கு, வெங்காயம் கரைஞ்சு கூழாச்சு. அடுப்பு என்னமோ அதே ஒரு பர்னர்தான். தண்ணிய வத்த வைக்கறேன்னு இன்னும் அரை மணி நேரம் கெளறுனாங்க, கறி எலும்பை விட்டுக் கழண்டு நூலு நூலா வந்துருச்சு. சுக்கா மாதிரி வரவேண்டியது கடைசில அவிச்ச கறி.

பெருசா ஒண்ணும் மாத்தல. 5 கிலோவுக்கு மேல ஒரு சட்டில போடக்கூடாதுன்னு ஆப்லயே பூட்டியாச்சு. 20 கிலோ வேணும்னா நாலு தடவை, ரெண்டு பர்னர்ல மாத்தி மாத்தி. கடைல எந்தெந்த அளவுல சமைக்கறீங்களோ அந்தந்த அளவுக்குத் தனித்தனியா செஞ்சு பாத்து, ருசி பாத்து, தனித்தனி கார்டு போடுங்க. அந்தப் பெருக்கற பட்டனை எடுத்து விட்டுருங்க, சாமான் ஆர்டர் போட மட்டும் வச்சுக்குங்க.

தராசு பத்தி ஒரு வார்த்தை. கறி நிறுக்கற 50 கிலோ தராசுல 8 கிராம் கிராம்பை நிறுக்கறாங்க. பெரிய தராசு அஞ்சு கிராம் பத்து கிராம்னு தாவித் தாவித்தானுங்க காட்டும், அதுல 8 கிராமுக்கு என்ன அர்த்தம்? மசாலாவுக்கு ஒரு கிராம் வரைக்கும் காட்டற சின்ன தராசு தனியா வேணும்.

அடுத்தது, எடை எப்பப் பாத்த எடைன்னு எழுதுங்க. சின்ன வெங்காயம் ஒரு கிலோன்னா உரிக்கறதுக்கு முன்னாடியா, உரிச்சதுக்கு அப்பறமா? கறி தோலோடவா, தோலில்லாமலா? இதை எழுதாம விட்டா ருசியும் போகும், காசும் போகும். கறிக்கோழி விலை நம்மூர்ல எப்படின்னு உங்களுக்கே தெரியும், பல்லடத்துல நிர்ணயம் பண்ற பண்ணை விலை நின்ன இடத்துல நிக்காது, ஆனா பல பேரு ஆப்ல ஆரம்பத்துல போட்ட விலையே இன்னும் அப்படியே கெடக்கு, அதைப் பாத்துட்டு ஒரு பிளேட்டுக்கு இவ்வளவு லாபம்னு சந்தோசப்பட்டுக்கறாங்க. சாதாரண ஓட்டலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுல உள்ளீட்டு வரிய திரும்ப எடுக்க முடியாது, அதனால வாங்கற சாமானுக்குக் கட்டுன வரியும் உங்க செலவுதான். அதையும் சேத்து விலை போடுங்க.

ஊட்டில கிளை போட ஆசைப்படறவங்களுக்குத் தனியா சொல்லோணும். கோயமுத்தூர் ரெசிபிய அப்படியே மலைக்கு ஏத்துனா பருப்பு வேகாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க தண்ணி கிட்டத்தட்ட 92, 93 டிகிரிலயே கொதிச்சுரும், அதுக்கு மேல சூடு ஏறாது. தெறந்த பாத்திரத்துல அரிசிம்பருப்பு சாதம் வச்சுட்டு "பருப்பு பழசு"ன்னு மளிகைக் கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாங்க. பிரசர் குக்கர் எடுங்க, நேரத்தைத் தனியா குறிங்க. மாவும் அப்படித்தான், சித்திரை வெயில்ல ஈரோட்டுல பொங்கற மாவு மார்கழி குளிர்ல ஊட்டில ராத்திரி பூரா வச்சாலும் அசையாம உக்காந்திருக்கும். புளிக்க வைக்கறதுக்கு மணிக்கணக்கு மட்டும் எழுதாதீங்க, மாவு எவ்வளவு எழும்பணும்னு பாத்திரத்துல கோடு போட்டு போட்டோ வச்சிருங்க.

போட்டோன்னதும் ஞாபகம் வருது. இன்னைக்கு நம்மூர் கிச்சன்ல பாதிப் பேரு ஒடிசா, பீகார், வங்காளப் பசங்க. அவங்களுக்கு இங்கிலீஷ்ல ரெசிபி எழுதி டேப்லெட்ல மாட்டி வச்சா யாரு படிப்பா? தமிழும் தெரியாது. வதக்கற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போட்டோ, கூட இந்திலயோ ஒடியாவுலயோ ஒரு வாய்ஸ், போதும். எண்ணெய்க் கையோட டேப்லெட்டைத் தொட யாருக்கும் மனசு வராது, அதனால லேமினேட் பண்ண கார்டும் அடுப்புக்கு நேரா தொங்கட்டும். அந்த கார்டுல தேதி இருக்கணும். மாஸ்டர் ஒரு மாத்தம் சொல்வாரு, வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் போடுவாரு, ஒரு கிளை பாக்கும், இன்னொரு கிளை பாக்காது, பாத்த கிளைலயும் பழைய கார்டு அப்படியே தொங்கும். எது கடைசி ரெசிபின்னு ஓனருக்கே தெரியாத கடைங்க நெறைய இருக்கு. மாத்தறது ஒரே ஆள், ஒரே இடத்துல, பழைய கார்டை அன்னைக்கே கிழிச்சுப் போடுங்க.

முந்திரி விலை ஏறிப்போச்சுன்னு சொல்லாமக் கொள்ளாம நிலக்கடலையை அரைச்சு ஊத்தறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. நிலக்கடலை ஒத்துக்காத ஆளுக்கு உயிர் போற விசயம் அது. சாமான் மாறுனா கார்டு மாறணும், ஆர்டர் எடுக்கற பையனுக்கும் தெரியணும். பத்து இடம், அதுக்கு மேல கிளை வந்துட்டா மெனுவுல கலோரி போடணும்னு உணவுப் பாதுகாப்பைப் பாக்கற மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயோட விதியே இருக்கு, ருசிக்கு உப்பு கண்ணளவுக்கு எண்ணெய்னு எழுதி வச்சிருக்கறவங்க எதை வச்சுக் கணக்குப் போடுவீங்க?

சென்ட்ரல் கிச்சன் போட்டவங்களுக்கு, அதாவது ஒரே இடத்துல சமைச்சு எல்லாக் கிளைக்கும் அனுப்பறவங்களுக்கு. கொதிக்கற கிரேவிய பெரிய கேன்ல ஊத்தி மூடி ஆம்னி வேன்ல ஏத்தி அனுப்பாதீங்க. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமி வளரும், பெரிய கேனோட நடுப்பகுதி மணிக்கணக்கா அந்தச் சூட்டுலயே நிக்கும், கிளைக்குப் போய் மறுபடி சூடு பண்ணாலும் சில கிருமி விட்ட நஞ்சு போகாது. சூடா அனுப்பறதா இருந்தா 60க்கு மேலயே வச்சு அனுப்புங்க, ஆறவச்சு அனுப்பறதா இருந்தா அகலமான ட்ரேல ரெண்டு அங்குல உயரத்துக்கு மேல போகாம ஊத்தி வேகமா ஆறவச்சு, குளுந்த பெட்டில அனுப்புங்க. தெர்மாமீட்டர் வாங்குங்க. இதையும் ரெசிபி கார்டுலயே எழுதுங்க, அடுப்பை அணைச்சதோட ரெசிபி முடிஞ்சுரல.

கடைசியா ஓனருங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ரெசிபிய எழுதி வாங்கிட்டா மாஸ்டரை அனுப்பிரலாம்ங்கற நெனப்போட இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. அவருக்கு அது தெரியும், உங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனாலதான் மிளகா அளவைத் தப்பாச் சொல்றாரு, கடைசில போடற ஒரு சாமானை சொல்லாமலே விடறாரு. முப்பது வருசம் அடுப்படில நின்ன மனுசன்கிட்ட "அண்ணா, நீங்க போடறதை நான் நிறுத்து எழுதிக்கறேன், நீங்க சமைக்கற மாதிரியே சமைங்க"ன்னு கேட்டுப் பாருங்க. அவர் அள்ளறதுக்கு முன்னாடி டப்பாவை நிறுங்க, அள்ளுனதுக்கு அப்பறம் நிறுங்க, வித்தியாசத்தை எழுதுங்க. வேற வேற நாள்ல அதே ஐட்டத்தை எழுதி சராசரி எடுங்க. கார்டுல அவர் பேரைப் போடுங்க. அந்த ரெசிபி ஓடற ஒவ்வொரு கிளைக்கும் சம்பளத்துக்கு மேல ஒரு தொகை பேசி, எழுதியே குடுத்துருங்க. புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலையும் அவருக்கே இருக்கட்டும். இந்தப் பேச்சை முடிச்சுட்டு அப்பறம் ஆப் காரங்களுக்குப் போன் போடுங்க.