பேரிகார்டு: கார்டு அல்ல, பீப்பாய்

தேர்த் திருவிழா, ஊர்வலம், அமைச்சர் வருகை, எதுவானாலும் முதல் நாளே சாலையில் இரும்புத் தடுப்புகள் வந்து இறங்கிவிடும். 'பேரிகார்டு போட்டாச்சு' என்கிறோம். செய்தித்தாள்களிலும் அப்படியே அச்சாகிறது. ஆனால் இதில் கார்டு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் 'பாரிகேட்', அவர்களுக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'பாரிக்' என்றால் ஒயின் நிரப்பும் மரப் பீப்பாய். (பீப்பாயும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்தான்.)

சரி, பீப்பாய் எப்படித் தடுப்பானது?

1588 மே மாதம், பாரிஸ். மன்னன் மூன்றாம் ஹென்றி புராட்டஸ்டண்டுகளிடம் தளர்ந்து போகிறான் என்று நகரத்துக் கத்தோலிக்கர்களுக்கு ஆத்திரம். அவர்கள் கொண்டாடிய கீஸ் கோமகன், நகருக்குள் வரக்கூடாது என்ற மன்னனின் தடையை மீறி 9ஆம் தேதி வந்தார். மிரண்டுபோன மன்னன் 12ஆம் தேதி விடியலில் சுவிஸ் கூலிப்படையை உள்ளே இறக்கினான். நகருக்குள் படையா என்று கொதித்த மக்கள், தெருமுனைச் சங்கிலிகளை இழுத்துக் கட்டினார்கள். பிறகு பீப்பாய்களை உருட்டிவந்து நிறுத்தி, மண்ணையும் கல்லையும் கொட்டினார்கள். காலிப் பீப்பாயை ஒரே ஆள் உருட்டிவிடலாம். மண் நிரம்பிவிட்டால் துப்பாக்கிக் குண்டும் துளைக்காது. சூட்சுமமே அதுதான். குறுகலான தெருக்களில் முன்னும் பின்னும் போக வழியின்றிப் படை மாட்டிக்கொண்டது. மறுநாள் மன்னன் ஊரைவிட்டே ஓடினான். மே 12க்கு 'பாரிகேட் நாள்' என்றே பெயர் நின்றுவிட்டது.

1648 ஆகஸ்டில் மறுபடியும் அதே காட்சி. புது வரிகளை எதிர்த்த முதிய நீதிபதி புரூசெலை அரண்மனை கைது செய்ய, தெருவெங்கும் தடுப்புகள் எழுந்தன. இரண்டே நாளில் விடுவித்தார்கள். அதில் தொடங்கிய கலகத்துக்கு 'ஃபிராந்த்' என்று பெயர். அதற்குக் 'கவண்' என்று பொருள். இவர்கள் கலகத்துக்குப் பெயர் வைப்பதே கையில் அகப்பட்ட பொருளை வைத்துத்தான் போலிருக்கிறது! 1830 ஜூலையில் மன்னன் பத்தாம் சார்லஸை விரட்டியபோது தெருவில் பதித்த கற்களே பெயர்ந்து வந்தன. பெயர் மட்டும் பீப்பாயிலேயே நின்றது. பலர் நினைப்பதற்கு மாறாக, 1789 பிரெஞ்சுப் புரட்சியில் இதற்குப் பெரிய வேலை இருக்கவில்லை.

தமிழில்? போலீஸ் வைப்பதற்குத் 'தடுப்பு' தாராளமாகப் போதும். பாரிஸ்காரர்கள் கட்டியதற்கு அது போதாது. அகராதிகளில் 'தடையரண்' உண்டு. எனக்குத் 'தெருவரண்' பிடிக்கிறது. படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் ஆறையும் அரசனுக்கு உரியவையாகத்தான் குறள் சொல்கிறது. அந்த ஆறில் ஒன்றான குடி, அரசனுக்கு எதிராகத் தானே எழுப்பிய அரண் இது.