கண்டிஷனருக்கு முன் துண்டை எடுக்காதீர்கள்

"கண்டிஷனர் போடுறதுக்கு முன்னாடி தலையைத் துவட்டணுமா டாக்டர்?"

வேண்டாம். சொட்டுகிற தண்ணீரைக் கையால் பிழிந்து வடித்தால் போதும். அந்த ஈரத்தின் மேலேயே போடலாம்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் 'முடி கொட்டுது' என்று வருகிறவர்களில் பலரிடம் "உங்களுக்கு முடி கொட்டவில்லை, ஒடிகிறது" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போன வாரம் வந்த ஒரு கல்லூரி மாணவி, குளியலறையிலும் தலையணையிலும் சீப்பிலும் பொறுக்கிய முடியை ஒரு பாலிதீன் கவரில் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தோம். வேரோடு விழுந்த முடி என்றால் ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருக்கும். அப்படி இருந்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் விரல் நீளத் துண்டுகள், இரண்டு முனையும் மொட்டை. தலையில் இருந்த முடியை டெர்மாஸ்கோப்பில் (தோலையும் முடியையும் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தால் நுனிப்பக்கம் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் முடித்தண்டு நைந்து நார்நாராகப் பிரிந்த இடம். அடுத்த இழுப்பில் அங்கேதான் ஒடியும். ட்ரைக்கோரெக்சிஸ் நோடோசா என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நம் கையே செய்கிற வேலை.

எப்படிக் குளிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஷாம்பூ போட்டு அலசி, பெரிய டர்க்கி டவலால் பரபரவென்று தேய்த்துத் துவட்டி, அதே டவலில் சுற்றிக் கொண்டை போட்டு, முக்கால்வாசி காய்ந்த பிறகு கண்டிஷனர் போடுவாராம். மறுபடி அலசல், மறுபடி துவட்டல், அப்புறம் சிக்கெடுத்தல். வாரத்தில் மூன்று நாள் இப்படி. காரணம் கேட்டால், "ஈரத்துல போட்டா உள்ள இறங்காதுன்னு சொன்னாங்க."

இந்த 'உள்ளே இறங்குவது'தான் எனக்குப் பெரிய எரிச்சல். கண்டிஷனர் ஏன் உள்ளே இறங்க வேண்டும்? அது செய்வதெல்லாம் பெரும்பாலும் முடியின் மேற்பரப்பில். ஷாம்பூ போட்டு அலசிய முடியின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. கண்டிஷனரில் உள்ள முக்கியமான பொருள்களுக்கு நேர்மின்சுமை. பாட்டிலைத் திருப்பினால் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, சீட்ரைமோனியம் குளோரைடு என்று வாயில் நுழையாத பெயர்களாக இருக்கும், அவைதான். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்கின்றன. முடி எங்கே அதிகமாகச் சேதமாகியிருக்கிறதோ அங்கே எதிர்மின்சுமையும் அதிகம், அதனால் அங்கே கூடுதலாக ஒட்டும். இந்த ஒட்டல் ஈரத்தில்தான் நடக்கிறது. தண்ணீர் இதற்குத் தடை இல்லை. தண்ணீர் இருந்தால்தான் கிரீம் எல்லா முடிக்கும் சீராகப் பரவும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் பாட்டிலின் பின்பக்கத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் இருக்கும். முதல் பெயர் அக்வா. அதாவது தண்ணீர். தண்ணீர் பட்டால் வீணாகிவிடும் என்று நீங்கள் பயப்படுகிற பொருளில் பெரும்பங்கு தண்ணீர்தான்! அதே பட்டியலில் செட்டைல் ஆல்கஹால் என்று ஒன்று இருக்கும். ஆல்கஹால் என்றதும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள், முடிக்கு நல்லது. இதையும் வாரா வாரம் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முடிக்குள் இறங்கும் பொருள்தான் வேண்டுமென்றால் அது உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது, தேங்காய் எண்ணெய். 2003-இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்றில் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். (ஆய்வு செய்தது எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேட்கக்கூடாது.) அதையும் குளிப்பதற்கு முன் வைத்தாலே போதும்.

சரி, துவட்டிவிட்டுப் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? நான் கேட்ட வரையில் மூன்று இடங்கள். முதலாவது பார்லர். ஹேர் ஸ்பா செய்யும்போது ஷாம்பூ போட்டு அலசி, டவலால் ஒற்றி, முடியைப் பிரித்துப் பிரித்து பிரஷ்ஷால் கிரீம் தடவுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கழுத்தில் தண்ணீர் ஓடக்கூடாது, பிரித்துத் தடவ வசதியாகவும் இருக்க வேண்டும். அது அவர்களுடைய வேலைமுறை. அதை அப்படியே வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. இரண்டாவது சீரம். அலசாமல் தலையிலேயே விட்டுவிடும் சீரத்தையும் லீவ்-இன் கிரீமையும் துவட்டிய பிறகு, லேசான ஈரத்தில்தான் போட வேண்டும். இன்ஸ்டாகிராமில் அரை நிமிட வீடியோ பார்ப்பவருக்கு எது சீரம், எது கண்டிஷனர் என்று எங்கே பிரித்துப் பார்க்க நேரம்? மூன்றாவது நாங்களேதான். மினாக்ஸிடில் எழுதிக் கொடுக்கும்போது, "தலை நல்லாக் காய்ஞ்ச பிறகு போடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம். அது உச்சந்தலைத் தோலுக்கான மருந்து, உலர்ந்த தோலில்தான் போட வேண்டும். வீட்டுக்குப் போவதற்குள் அது 'எதைப் போட்டாலும் காய்ந்த பிறகு' என்று மாறிவிடுகிறது.

துண்டின் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்கலாம். நனைந்த முடி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பருக்கிறது. முடியைக் கெட்டியாக வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் தளர்ந்துவிடுகின்றன. மேலே படிந்திருக்க வேண்டிய செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. முடி ஆக வலுவிழந்து இருக்கும் நேரம் அதுதான். அப்போது போய் முரட்டு டவலால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறீர்கள். பட்டுப் புடவையைத் துவைகல்லில் அடிப்பீர்களா? தோள்பட்டையைத் தாண்டிய முடியின் நுனி நேற்று முளைத்ததல்ல. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து வருடத் தேய்ப்பும் வெயிலும் போர் தண்ணீரின் உப்பும் அதன் மேல் இருக்கின்றன.

இங்கே அம்மாக்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. "நல்லாத் துவட்டுடி, தலையில நீர் கோத்துக்கும்!" இதைக் கேட்காமல் வளர்ந்த பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. தலையில் ஊற்றும் தண்ணீர் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் அறைகளுக்கும் உச்சந்தலையின் ஈரத்துக்கும் குழாய் இணைப்பு எதுவும் கிடையாது. ஜலதோஷத்தைக் கொடுப்பது வைரஸ். ஈரத் தலையோடு காற்றில் நின்றால் சிலருக்குத் தலை வலிக்கும், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு உச்சந்தலையை ஒற்றி உலர்த்தினால் போதுமே, நுனிவரை தேய்ப்பானேன்? அதைவிடக் கொடுமை, குனிந்து நின்று முடியை முன்னால் தொங்கவிட்டு, முறுக்கிய துண்டால் சட்சட்டென்று அடிப்பது. தண்ணீர் தெறிப்பதைப் பார்த்து ஈரம் போய்விட்டது என்று நினைக்கிறோம். தெறிப்பதில் முடித் துண்டுகளும் இருக்கின்றன. தயவுசெய்து அதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

அதற்காக ஈரத்தோடு நாள் முழுக்க இருங்கள் என்று சொல்லவில்லை. ஈரக் கொண்டையோடு ஆபீஸ் போய் சாயங்காலம் வந்து அவிழ்க்கிறவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள், நமைச்சலோடு. 2011-இல் தென் கொரியாவில் வந்த ஒரு ஆய்வில், டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே காயவைத்த முடியைவிட, தானாகக் காயவிட்ட முடியில் செல்களை ஒட்டிவைக்கும் உள்சவ்வுக்குப் பாதிப்பு அதிகமாக இருந்தது. அதனால் மிதமான சூட்டில், தள்ளிப் பிடித்து, டிரையர் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

இனி செய்ய வேண்டியது. ஷாம்பூ நுரை போகும்வரை அலசுங்கள். முடியை மொத்தமாகப் பிடித்து, முறுக்காமல், மேலிருந்து கீழாகக் கையால் அழுத்தி வழித்துவிடுங்கள். அடர்த்தியான முடி, எவ்வளவு பிழிந்தாலும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்றால் பழைய பருத்தி டி-ஷர்ட்டாலோ ஈரிழைத் துண்டாலோ ஒருமுறை ஒற்றிக்கொள்ளலாம். ஒற்றுவது என்றால் ஒற்றுவது, தேய்ப்பது அல்ல. சொட்டச் சொட்டப் போட்டாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது; கிரீம் கொஞ்சம் நீர்த்து வழியும், அவ்வளவுதான். சுருட்டை முடிக்காரர்கள் பிழியக்கூடத் தேவையில்லை, அந்த வழுக்கலில் சிக்கு இன்னும் எளிதாகப் பிரியும்.

காதுக்குக் கீழே ஆரம்பித்து நுனிவரை தடவுங்கள். உச்சந்தலையில் அப்பாதீர்கள். அங்கே உடம்பே எண்ணெய் சுரக்கிறது. நீங்களும் அப்பினால் தலை பிசுபிசுக்கும், நெற்றியிலும் முதுகிலும் பரு வரும். பொடுகுக்குக் கீட்டோகொனசோல் ஷாம்பூ போடுகிறவர்கள், அதை ஐந்து நிமிடம் உச்சந்தலையில் ஊறவிட்டு அலசிய பிறகு, கண்டிஷனரை நீளத்துக்கு மட்டும் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும், அரை மணி நேரம் ஊறவைத்தால் கூடுதல் பலன் கிடையாது. கிரீம் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போய்ச் சிக்கெடுங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சீப்பைப் பிடுங்கத் தோன்றும். பிறகு அலசி, ஒருமுறை மட்டும் துண்டை எடுங்கள்.

சாயம், ப்ளீச், ஸ்மூத்னிங் செய்த முடிக்கு இதெல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். (ஸ்மூத்னிங் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும். இன்னொரு நாள்.)

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். வெள்ளைக் குமிழோடு கொத்துக் கொத்தாக வருகிறது, அதுவும் காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து என்றால் துண்டையும் கண்டிஷனரையும் குறை சொல்லிப் பயனில்லை. அது வேறு கணக்கு. வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, வகிடு அகலமானாலோ, உச்சந்தலை சிவந்து செதில் உதிர்ந்தாலோ, பாட்டிலை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் தோல் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள்.

போகும் அன்று மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். டெர்மாஸ்கோப்பில் எண்ணெயைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.