நுரையை வீட்டில் சீவுங்கள், ரெசினை வீட்டுக்கு வெளியே வையுங்கள்

அந்தப் பையன் என் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டியபோது முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கோடுதான். கையுறை முடியும் இடத்தில், மணிக்கட்டைச் சுற்றிக் காப்பு போட்டாற்போல் சிவந்த கோடு. அதற்கு மேலே முழங்கை வரை சிறு சிறு கொப்புளங்கள். விரல்களில் ஒன்றுமில்லை. கண் இமைகள் இரண்டும் வீங்கியிருந்தன.

பதினெட்டு ஆண்டுகளாகக் கப்பல் பட்டறைகளில் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். அந்தக் கோட்டைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எப்பாக்ஸி என்ற செயற்கைப் பிசினைப் பூசுகிறவர்கள் கையில் வரும் கோடு அது. ஆனால் இந்தப் பையன் எந்தப் பட்டறையிலும் வேலை பார்த்தவன் அல்லன். என் சக ஊழியரின் அக்காள் மகன். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருந்தான். சிங்கப்பூரின் யீஷூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. தன் படுக்கையறையில் அலைச்சறுக்குப் பலகை ஒன்றைச் செய்து முடித்திருந்தான்.

"வாசனையே இல்லை, அங்கிள். அதனால்தான் ஆபத்தில்லை என்று நினைத்துவிட்டேன்" என்றான்.

இந்தக் கட்டுரையை எழுத அந்த ஒரு வாக்கியம் போதும்.

சிங்கப்பூரில் அலை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியப் பெருங்கடலின் அலைகளைச் சுமத்ரா தடுத்துவிடுகிறது; நம் கரைக்கு வருவது பெரும்பாலும் சிற்றலைதான். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை, வார இறுதியானால் மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் தெசாருவுக்கும் செராத்திங்குக்கும் பலகையைக் கட்டிக்கொண்டு புறப்படும் இளையர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலருக்குத் தன் பலகையைத் தானே செய்ய வேண்டும் என்ற ஆசை வருகிறது. அந்த ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன். என் தாத்தா நாகப்பட்டினக் கரையில் கட்டுமரத்துக்கு மரம் சீவியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முன்பக்கம் மேல்நோக்கி வளையும்படி ஒவ்வொரு மரத்தையும் வாச்சியால் இழைப்பார். அலைச்சறுக்குப் பலகையில் ராக்கர் என்கிறார்களே, மூக்கும் வாலும் மேலே எழும் அந்த வளைவு, அதே அறிவுதான். ஆனால் தாத்தா சீவிய சிராய் அன்று மாலையே பாட்டியின் அடுப்புக்குப் போகும். நுரைத்தூளை அப்படி நினைக்கக் கூடாது.

வேலையின் முதல் பாதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை வீட்டில் செய்ய முடியும். கடையில் வாங்கும் நுரைக்கட்டை ஏறத்தாழப் பலகை வடிவத்திலேயே வரும். நீளவாக்கில் நடுவே ஸ்ட்ரிங்கர் என்ற மெல்லிய மரப்பட்டி ஓடும். அட்டையில் பாதி வடிவத்தை மட்டும் வெட்டி, ஸ்ட்ரிங்கரில் பொருத்தி ஒரு பக்கம் கோடு போட்டு, புரட்டி மறுபக்கம் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். கைரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் சுற்றிய நீளக் கட்டையால் ஓரத்தை நேராக்கி, முதலில் அடிப்பக்கத்தையும் பிறகு மேல்பக்கத்தையும் சீவ வேண்டும். முதல் பலகைக்கு மின்சார இழைப்புளி வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நொடி கை தயங்கினாலும் அது பள்ளம் பறித்துவிடும்; காது இரையும்; தூள் அறை முழுக்கப் பறக்கும். கையால் தள்ளும் சர்ஃபார்ம் அரம் மெதுவாகத்தான் போகும். தொடக்கக்காரருக்கு அந்த மெதுவே நல்லது. பாலியூரித்தேன் என்ற நுரைவகைக் கட்டையில் அதன் மேல்தோலுக்கு அருகேதான் நுரை அடர்த்தியாக இருக்கும், உள்ளே போகப்போக மென்மையாகிவிடும். அதனால் எவ்வளவு குறைவாகச் சீவுகிறோமோ அவ்வளவு உறுதி.

மேல்விளக்கை அணைத்துவிட்டுப் பலகையின் இரு பக்கமும் இடுப்பு உயரத்தில் குழல்விளக்கு வைத்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாத மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கும். விரல் நுனியால் தடவினால் நிழல் சொன்னதை விரலும் சொல்லும். அந்த நேரத்தின் இன்பத்தை யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு மனமில்லை.

நுரைக்கட்டையில் இரண்டு வகை உண்டு: ஒன்று பாலியூரித்தேன், மற்றது தெர்மாகோல் என்று நாம் சொல்லும் பாலிஸ்டைரீன். பாலியூரித்தேன் நுரையை உருவாக்க டிடிஐ என்ற ஐசோசயனேட் தேவை. மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமா வரவழைக்கக்கூடிய வேதிப்பொருள் அது. அமெரிக்காவின் நுரைக்கட்டைச் சந்தையைப் பெருமளவு கையில் வைத்திருந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி திடீரென மூடப்பட்டபோது, உரிமையாளர் எழுதிய கடிதத்தில் இந்த வேதிப்பொருள் பற்றிய அச்சமும் ஒரு காரணமாக இருந்தது. உங்கள் கைக்கு வரும் கட்டையில் அது வினை முடிந்து கெட்டியாகிவிட்டது. ஆனால் சூடுபடுத்தினால் மீண்டும் வெளியே வரும். தெர்மாகோலை அறுக்கும் சூட்டுக்கம்பியால் பாலியூரித்தேனை அறுக்கவே கூடாது என்பது அதனால்தான். ஐசோசயனேட்டோடு ஹைட்ரஜன் சயனைடும் அந்தப் புகையில் இருக்கும். இரண்டு வகை நுரையும் வெள்ளையாகத்தான் இருக்கும். எது எது என்று தெரியாமல் கம்பியைச் சூடேற்றாதீர்கள்.

தூளுக்கு வழி இருக்கிறது. என்95 முகக்கவசம் தூளைத் தடுக்கும். கதவுக்கடியில் ஈரத்துணி, அறையில் துணிமணி எதுவும் இல்லாமல் காலி செய்வது, குளிரூட்டியை அணைத்து வைப்பது, துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது. இவற்றைச் செய்தால் கையால் சீவும் வேலையை வீட்டில் முடிக்கலாம். தெர்மாகோல் மணிகளை மட்டும் சன்னல் வழியே பறக்கவிடாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைநீர்க் கால்வாயில் விழுவது நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போகும்.

இனி இரண்டாம் பாதி. சீவிய நுரைமேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினான ரெசினை ஊற்றிப் பரப்புவது. இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அடுக்குமாடி வீட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள்.

ரெசினும் இரண்டு வகை. பாலியஸ்டர் ரெசின் பாலியூரித்தேன் நுரைக்கு. தெர்மாகோல்மேல் ஊற்றினால் நுரை கரைந்தே போகும். அதற்கு எப்பாக்ஸிதான். பாலியஸ்டரின் நெடிக்குக் காரணம் ஸ்டைரீன். உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 2018இல் அதை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்' என்ற பிரிவுக்கு உயர்த்தியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். பாய் விரித்துப் படுக்கும் பாட்டிக்கும் தவழும் குழந்தைக்கும் அது முதலில் போய்ச் சேரும். பட்டறைகளில் நாங்கள் பின்பற்றும் வரம்புகள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வெளியேறும் உடல்நலமுள்ள பெரியவருக்காகக் கணக்கிடப்பட்டவை. அதே அறையில் உறங்கி எழுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

படுக்கையறையில் குளிரூட்டி போட்டுக்கொண்டால் காற்று சுத்தமாகும் என்று பலர் நம்புகிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் பிளவுவகைக் குளிரூட்டி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஆவி அங்கேயேதான் சுற்றும். என்95 முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டியும் தூசு வடிகட்டியும் சேர்ந்த சுவாசக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தில் ஒட்டி அமராது. எல்லாம் சரியாகப் போட்டாலும் அந்தக் கவசம் உங்களை மட்டுமே காக்கும். அடுத்த அறையில் இருக்கும் அம்மாவை அல்ல.

பாலியஸ்டரை இறுகச் செய்ய எம்இகேபி என்ற பெராக்சைடைச் சேர்ப்பார்கள். ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிதான், தண்ணீர்போல் இருக்கும். அதன் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மூக்குக்கண்ணாடி இதற்குப் போதாது. கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். தெறித்துவிட்டால் யோசிக்காமல் அந்த நொடியே குழாயடிக்குப் போய்ப் பதினைந்து நிமிடமாவது கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதலில் கழுவுவது, பிறகுதான் டாக்சி.

எப்பாக்ஸிக்கு அந்த நெடி இல்லை. பையன் ஏமாந்தது இங்கேதான். எப்பாக்ஸியின் கெடுதல் பெரும்பாலும் மூக்குக்குத் தெரியாமல் தோல் வழியே வருகிறது. முதல்முறை ஒன்றும் ஆகாது. பத்தாவது முறையும் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஏதோ ஒரு நாள் உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். அதன்பின் ஒரு துளி பட்டாலும் தோல் கொதிக்கும். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நிற்கும். கப்பல் பட்டறையில் இருபது ஆண்டு அனுபவமுள்ள பூச்சாளர் ஒருவர் இதனால் தொழிலையே விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு விமானம் ஏறும் நாளில்கூட அவர் இமைகள் வீங்கித்தான் இருந்தன.

பையன் ரெசின் ஊற்றும்போது நைட்ரைல் கையுறை போட்டிருந்தான், அதனால் விரல்கள் தப்பின. மறுநாள் காலை பலகை கெட்டியாகிவிட்டது என்று நினைத்து அரைக்கைச் சட்டையோடு உப்புத்தாள் தேய்த்திருக்கிறான். தொட்டால் கெட்டியாக இருக்கும் எப்பாக்ஸி முழுமையாக இறுகுவதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்குள் தேய்த்தால் வரும் தூளில் வினை முடியாத வேதிப்பொருள் இருக்கும். அது வியர்த்த கையில் படிந்தது, அந்தக் கையால் துடைத்த கண்ணுக்கும் போனது. கையில் ஒட்டியிருந்த ரெசினை அசிட்டோனால் வேறு கழுவியிருக்கிறான். அசிட்டோன் தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரெசினுக்கு வாசல் திறந்துவிடும். சோப்பும் தண்ணீரும்தான் சரி.

நம் வெப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. டப்பாவில் 'இருபது நிமிடம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்கு. நம் அறைகளில் 30க்கு மேல், நேரம் அதைவிடக் குறையும். பையன் ஒரே கோப்பையில் நிறையக் கலந்திருக்கிறான். பாதி ஊற்றுவதற்குள் கோப்பை கையைச் சுட்டது, பிளாஸ்டிக் நெளிந்தது, மஞ்சள் புகை எழுந்தது. பதறிப்போய்ச் சமையலறைக்கு ஓடிக் குப்பைக் குழாயைத் திறந்திருக்கிறான். நல்லவேளை, அவன் அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். கீழே பன்னிரண்டு மாடிக் குப்பை, காகிதம், துணி; மேலே இருந்து கொதிக்கும் ரெசின். நினைத்துப் பாருங்கள். ரெசின் சூடேறத் தொடங்கினால் அகலமான உலோகத் தட்டில் மெல்லியதாகப் பரப்பித் திறந்தவெளியில் சிமெண்டுத் தரைமேல் வைத்து ஆறவிட வேண்டும். முழுதும் இறுகிக் குளிர்ந்தபிறகுதான் குப்பை. தீப்பற்றினால் 995. வடிகாலிலும் கழிப்பறையிலும் ரெசினையோ அசிட்டோனையோ ஊற்றவே கூடாது.

சரி, வீட்டுக்குள் வேண்டாம், வெளியே தாழ்வாரத்தில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பொதுத் தாழ்வாரத்தில் தப்பிக்கும் வழி குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது குடிமைத் தற்காப்புப் படை. ஏழடிப் பலகையும் இரண்டு தாங்கிகளும் அசிட்டோன் டப்பாவும் அங்கே இருக்கலாகாது. கட்டடத்தின் கீழே திறந்து கிடக்கும் வெற்றுத்தளமும் அப்படித்தான், அது எல்லாருடைய இடம்.

காக்கி புக்கிட், உபி பக்கம் மரவேலைக்கும் கண்ணாடி இழை வேலைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இடம் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கும் பட்டறையைத் தேடுங்கள். காற்று வெளியேற்றும் விசிறி இருக்கிறதா, கண் கழுவ இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், சீவுவதை மட்டும் நீங்கள் செய்துவிட்டுப் பூசுவதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். உலகம் முழுக்கப் பலகைத் தொழிலில் சீவுபவர் வேறு, பூசுபவர் வேறு என்பது நெடுநாள் வழக்கம். பூசுவதை விட்டுக்கொடுத்தால் பலகை உங்களுடையது அல்லாமல் போய்விடாது.

பையனுக்குத் தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்தார். எப்பாக்ஸி ஒவ்வாமை உறுதியானது. இனி அவன் வாழ்நாளில் எப்பாக்ஸியைத் தொடக் கூடாது. இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

போன மாதம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். படுக்கையறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்திருந்தான். கதவுக்கடியில் ஈரத்துணி. இடுப்பு உயரத்தில் இரண்டு குழல்விளக்குகள். நடுவே பாலியூரித்தேன் பலகை, எப்பாக்ஸி தேவைப்படாத வகை. படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று பூசித் தர ஒப்புக்கொண்டிருந்தது. அங்கே கொண்டுபோவதற்கு முன் என்னை ஒருமுறை தடவிப் பார்க்கச் சொன்னான். வலது ஓரத்தில், வாலிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு சின்ன மேடு இருந்தது. சொன்னேன். சிரித்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்து நாலே இழுப்பில் சரிசெய்தான். பிறகு ஸ்ட்ரிங்கர்மேல் பென்சிலால் 7 அடி 2 அங்குலம் என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதினான். அதன்மேல்தான் கண்ணாடி இழை வரும்.